கரை வேட்டியும் சுண்ணாம்புக் கோடும்
வாக்குச்சாவடி உடை விதிகள் பற்றிய கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், தமிழ்நாட்டில் தேர்தலில் நிற்கும் அனைத்துக் கட்சிகளின் தலைமைகள்.

முன்வைப்போர்: தேர்தல் பணி பார்த்த ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், அவர்களோடு சேர்ந்து கையொப்பமிடும் வாக்காளர்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பள்ளிக்கூட வாசலிலிருந்து டேப் பிடித்து அளந்து, 100 மீட்டரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடப்படுகிறது. சுற்றுச்சுவரில் பழைய சின்னம் இருந்தால் அதன்மேல் வெள்ளை அடிக்கப்படுகிறது. வகுப்பறைக்குள் தலைவர் படம் மாட்டியிருந்தால் கழற்றுகிறோம். கழற்ற முடியாததைத் தாள் ஒட்டி மறைக்கிறோம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு பார்க்க வேட்பாளர்களின் முகவர்கள் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் இரண்டு பேராவது, சில ஊர்களில் எல்லோருமே, கட்சி நிறக் கரை வேட்டியில் வருகிறார்கள். முந்தைய நாள் சுவரில் நாங்கள் அழித்த நிறம், காலையில் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாலை வரை எழுந்திருப்பதில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சாசனம் எழுதப்படுவதற்குக் காரணமே அதுதான்.

எங்களில் ஒருவர் தலைமை அலுவலராக இருந்த ஒரு கிராமத்துச் சாவடியில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கரை வேட்டி கட்டி வரிசையில் நின்றார். உள்ளே இருந்த முகவர் ஒருவர் எழுந்து, "சார், அவரு வேட்டியப் பாருங்க" என்றார். அலுவலர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாசலில் நின்ற காவலர் முந்திக்கொண்டார். "ஐயா, போயி வேற வேட்டி மாத்திட்டு வாங்க." பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வீடு தோட்டத்தில் இருந்தது, போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். சித்திரை வெயில். மாலையில் கதவை மூடி வாக்காளர் பட்டியலின் குறியிட்ட படியைச் சரிபார்த்தபோது அவர் பெயரில் வாக்களித்ததற்கான கோடு இல்லை. புகார் சொன்ன முகவர் கட்டியிருந்ததும் கரை வேட்டிதான். நிறம்தான் வேறு.

வந்து ஒரு நிமிடத்தில் போகிறவரைத் திருப்பி அனுப்பினோம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவரை விட்டுவைத்தோம். விதி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழவில்லை. அதை நேர்ப்படுத்தச் சொல்லிக் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, வாக்குச்சாவடிக்குள்ளும் அதிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள்ளும் வாக்குக் கேட்பதைத் தடுக்கிறது. தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 250 ரூபாய் வரை அபராதம். நல்ல கரை வேட்டி ஒன்றின் விலைகூட அது வராது. தலைமை அலுவலர்களுக்கு ஆணையம் தரும் கையேடு இன்னும் கொஞ்சம் விளக்குகிறது. வேட்பாளர், தலைவர் ஆகியோரின் பெயரோ, சின்னமோ, அதன் படமோ உள்ள பேட்ஜ் போன்றவற்றை யாரும் அணிந்திருக்கக் கூடாது. தன் வேட்பாளரின் பெயரை மட்டும் காட்டும் அட்டையை முகவர் அணிந்துகொள்ளலாம். நல்ல விதி. ஆனால் தமிழ்நாட்டில் கட்சி தெரிவது பேட்ஜிலா? இடுப்பிலும் தோளிலும்தான். கறுப்பு சிவப்பு என்றால் யார், நடுவில் வெள்ளை வந்தால் யார், நீலமும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் யார் என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். கையேட்டில் கரை என்ற சொல்லே கிடையாது. அதனால்தான் ஒரே தேர்தலில் ஒரு சாவடியில் வேட்டி பிரச்சினையாகிறது, அடுத்த சாவடியில் ஆகவில்லை. எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலரின் துணிச்சலையும் வாசலில் நிற்கும் காவலரின் மனநிலையையும் பொறுத்துப் போகிறது.

சின்னம் விஷயத்தில் ஆணையம் கண்டிப்பாக நடந்துகொண்டது உண்டு. 2014 ஏப்ரல் 30 அன்று அகமதாபாத்தில் வாக்களித்துவிட்டு வந்த நரேந்திர மோடி, தாமரைச் சின்னத்தைக் கையில் காட்டியபடி செய்தியாளர்களிடம் பேசினார். அன்று மாலைக்குள் வழக்குப் பதிவு செய்யும்படி ஆணையம் உத்தரவிட்டது. 2012இல் உத்தரப்பிரதேசத் தேர்தலின்போது பூங்காக்களில் ஒரு கட்சியின் சின்னமாக நின்ற கல் யானைகளையே மூடச் சொன்னது. 2021 ஏப்ரல் 6 அன்று இங்கே, உதயநிதி ஸ்டாலின் கட்சிச் சின்னம் பொறித்த சட்டையோடு வாக்களிக்க வந்ததாக அ.தி.மு.க. புகார் கொடுத்தது. அதே நாளில் நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் வந்து வாக்களித்தார். அவர் எதற்காகச் சைக்கிளில் வந்தார் என்பதை விட்டுவிட்டு, சைக்கிளின் நிறம் கறுப்பா சிவப்பா என்று நாடே நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசிச் செய்தியில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நிறத்தைத் தேடிப் புறப்பட்டால் அதற்கு எல்லை கிடையாது. தமிழ்நாட்டுத் தேர்தல்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் வருகின்றன. அது மாரியம்மன் கோயில்களில் காப்புக் கட்டும் காலம். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வரிசையில் நிற்கிற பெண் எந்தக் கட்சி? 2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் வாக்குப்பதிவும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் வந்தன. அதற்காகவே அங்கே இரவு எட்டு மணி வரை வாக்குப்பதிவு நேரம் நீட்டிக்கப்பட்டது. தேர் பார்த்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாக வந்தவர்களை யாராவது திருப்பி அனுப்பியிருந்தால் மதுரை தாங்கியிருக்குமா? மேல்மருவத்தூர் பக்தர்களின் உடை சிவப்பு. விவசாயிகள் சங்கத்துக்காரர் தோளில் பச்சைத் துண்டு. பெரியார் வழியில் வந்தவர் கறுப்புச் சட்டை. அவருடைய திராவிடர் கழகம் தேர்தலில் நிற்பதே இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாக்குச்சாவடிக்கு அரசியல் அடையாளம் எதையும் அணிந்து வரக்கூடாது என்று நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு சட்டம் இருந்தது. 2010இல் ஒரு வாக்காளரின் டி-சட்டையும் பேட்ஜும் பிரச்சினையாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூனில் ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் நின்று அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பானது. சாவடிக்குள் அமைதி வேண்டும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 'அரசியல்' என்றால் எது என்று ஒவ்வோர் அலுவலரும் தன் மனத்தில் நினைத்ததை வைத்து முடிவு செய்யும்படி விட்டதைத்தான் ஏற்கவில்லை. தெளிவான கோடு போட்டால் தடை நிற்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இங்கேயும் தேவைப்படுவது அப்படியொரு கோடுதான். மண்ணில் போடும் சுண்ணாம்புக் கோட்டைப்போல் எவர் கண்ணுக்கும் தெரிகிற கோடு.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது: எது கூடாது என்பதை ஒரே பக்கத்தில், தமிழில், எழுதிக் கொடுங்கள். தேர்தலில் நிற்கும் கட்சியின் அல்லது வேட்பாளரின் பெயர், சின்னம், கொடி, தலைவர் முகம், வாக்குக் கேட்கும் வாசகம் ஆகிய ஐந்தும் 100 மீட்டர் கோட்டுக்குள் யார் உடம்பிலும் தெரியக் கூடாது. சட்டைப் பை, மோதிரம், கைக்கடிகாரம், செல்போன் உறை எல்லாம் இதில் அடங்கும். கரையில் சின்னம் நெய்திருந்தாலும் அடங்கும். நிறம் மட்டும் இருந்தால் வாக்காளரைப் பொறுத்தவரை அது குற்றம் ஆகாது. 'பார்த்தாலே தெரியுது சார்' என்பதை ஒரு காரணமாக எந்த அலுவலரும் ஏற்கக் கூடாது.

இரண்டாவது கோரிக்கை எங்களுக்கு உயிரானது. உடையைக் காரணம் காட்டி எந்த வாக்காளரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இது புதிதாகக் கேட்கும் சலுகையும் இல்லை. சாவடியில் ஒழுங்கு மீறுகிறவரை வெளியேற்றத் தலைமை அலுவலருக்கு அதிகாரம் தரும் அதே சட்டத்தின் 132ஆம் பிரிவு, அந்த அதிகாரத்தை வைத்து ஒரு வாக்காளர் வாக்களிக்கும் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. பயிற்சி வகுப்பில் முதல் பாதியைப் படித்துக் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியை நாங்கள் பல ஆண்டு கழித்து, நாங்களாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஏன் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் யோசித்துப் பார்க்க வேண்டும். தலைவர் முகம் போட்ட பனியனை மாட்டி வருகிற கட்டடத் தொழிலாளி, பிரசாரத்துக்கு வந்திருக்க மாட்டார். துவைத்துக் காய்ந்திருந்தது அது ஒன்றுதான் என்றும் இருக்கலாம். மாநாட்டுக்குக் கொடுத்த சேலைதான் ஒரு பெண்ணின் பெட்டியில் கிழியாத சேலையாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. இடுப்பில் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டவும், தோளில் துண்டு போடவும் உரிமை மறுக்கப்பட்ட தெருக்கள் இருந்த நாடு இது. பெரிய வீட்டுக்காரர் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும் என்ற காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கட்சி கொடுத்த கரை வேட்டியும் துண்டும் வெறும் துணியாக இருந்ததில்லை. நிமிர்ந்து நடப்பதற்குக் கிடைத்த துணை அது. அதை வாசலில் வைத்து ஒரு காவலர் அவிழ்த்து மாற்றி வரச் சொல்லும்போது, அந்தப் பெரியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததன் பொருள் என்ன என்று எங்களால் இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் முறை இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு சாவடிக்கும் போகும் பொருள் பையில், அழியாத மையும் அரக்கும் போகிற அந்தப் பையில், நான்கு வெள்ளைத் துண்டுகளும் போகட்டும். சின்னமோ முகமோ தெரிந்தால், வரிசையில் அவர் இடம் போகாமல், மரியாதையாக ஒரு துண்டைக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்ள அவரே முன்வந்தால் ஒதுக்கமான இடம் காட்டுங்கள். பெண்ணாக இருந்தால் பெண் அலுவலர் மட்டுமே பேச வேண்டும். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொண்ட பழைய தொண்டர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைக்கும் அந்தத் துண்டு போதும். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மறுத்தால், முதலில் அவரை வாக்களிக்க விட்டு அனுப்பிவிட்டு, நடந்ததைத் தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் எழுதி, நடவடிக்கையைப் பிறகு பாருங்கள்.

மூன்றாவது, முகவர்கள். இங்கே நாங்கள் தளர்வு கேட்கவில்லை, கண்டிப்புக் கேட்கிறோம். வேட்பாளர், தேர்தல் முகவர், வாக்குச்சாவடி முகவர், மாற்று முகவர் ஆகிய எவரும் 100 மீட்டர் கோட்டுக்குள் கட்சிக் கரை வேட்டி, கட்சித் துண்டு, மகளிர் அணிச் சேலை ஆகியவற்றில் இருக்கக் கூடாது. அவர்களுக்கு நிறமும் கூடாது.

வாக்காளருக்கு ஒரு நியாயம், முகவருக்கு இன்னொன்றா என்று கேட்பார்கள். ஆமாம். முகவர் அந்தச் சாவடிக்குள் நுழைவதே ஒரு வேட்பாளரின் கையெழுத்தால்தான். அவர் நாள் முழுவதும் இருக்கிறார். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர். ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க அந்த அறிமுகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே அறிமுகம்தான் பயத்தையும் கொண்டுவருகிறது. ஊரக வேலைத் திட்டத்தில் யார் பெயரைச் சேர்ப்பது, முதியோர் பென்ஷன் மனுவை யார் எடுத்துப் போவது என்பதிலெல்லாம் கை உள்ள ஒருவர், கட்சிக் கரையோடு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது, தனியாக வந்து மை வைக்க விரலை நீட்டுகிற பெண்ணுக்கு அது என்ன சொல்லும்? ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நேற்று இரவு வீட்டுக்கு வந்து பேசியதை அந்தக் கரை நினைவூட்டிவிடும். மறைப்பு அட்டைக்குப் பின்னால் அவர் வாக்கு ரகசியம்தான். அந்த அட்டை வரைக்கும் நடக்கிற பத்தடி தூரம் ரகசியமாக இல்லை.

இதற்கு ஆணையத்திடம் முன்மாதிரி இருக்கிறது. வாக்காளருக்குக் கட்சிகள் கொடுக்கும் சீட்டு வெள்ளைத் தாளில், சின்னமோ வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ இல்லாமல் இருக்க வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. உள்ளங்கை அளவுச் சீட்டுக்கு இருக்கிற விதி நாலு முழ வேட்டிக்கு ஏன் இருக்கக் கூடாது? முகவர் நியமனத்துக்கான 10ஆம் படிவத்தோடு, 'கட்சி நிறமோ அடையாளமோ உள்ள உடையில் வரமாட்டேன்' என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மீறி வந்தால் உடை மாற்றி வரும் வரை உள்ளே விடாதீர்கள். இதனால் எந்த வேட்பாளருக்கும் நட்டம் வராது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மாற்று முகவர்கள் உண்டு, அவர்களில் ஒருவர் உட்காரட்டும். எல்லா முகவருக்கும் ஒரே அளவில், வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தில், வேட்பாளர் பெயரை ஆணையமே அச்சிட்டுக் கொடுத்தால் அடையாளத் தேவையும் தீர்ந்தது.

நான்காவது: வாக்காளரின் உடையைப் பற்றி எந்த முகவரும் வாக்காளரிடம் நேரே பேசக் கூடாது. சொல்ல வேண்டியதைத் தலைமை அலுவலரிடம் போய்ச் சொல்லட்டும். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மேலூரில் நடந்ததை நாடு பார்த்தது. ஹிஜாப் அணிந்து வந்த ஒரு வாக்காளரை எதிர்த்து பா.ஜ.க. முகவர் சத்தம் போட்டார். மற்றக் கட்சி முகவர்களும் அலுவலர்களும் மறுத்தார்கள். கடைசியில் காவலர்கள் அந்த முகவரை வெளியேற்றினார்கள். அன்று சாவடி சரியாக நடந்துகொண்டது. எல்லாச் சாவடியும் அப்படி நடக்கும் என்று விட்டுவிட முடியாது. ஹிஜாப், காவி, சிலுவை, திருநீறு, ஐயப்ப மாலை, அம்மன் மஞ்சள் எதுவும் அரசியல் உடை ஆகாது என்று உத்தரவில் பெயர் சொல்லியே எழுதுங்கள். முகத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பெண் அலுவலர் இருக்கிறார்.

ஐந்தாவது: தலைவர்களும் நட்சத்திரங்களும் வாக்களிக்க வரும்போது கேமராக்கள் பின்னாலேயே வருகின்றன. ஒரு சாவடியில் அவர் காட்டுகிற சின்னம் மாநிலம் முழுக்க அந்த நிமிடமே போய்ச் சேருகிறது. வேட்பாளர்களும் கட்சிகள் பட்டியல் கொடுக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களும், முகவர்களுக்குக் கேட்ட அதே விதிக்குள் வர வேண்டும். அவர்கள் வாக்குரிமையைத் தொட வேண்டாம்; மீறலுக்கான நோட்டீஸ் கட்சிக்குப் போகட்டும்.

ஆறாவது, உள்ளாட்சி. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆனால் அங்கேதான் கரை வேட்டி அதிகம் தெரிகிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் இதே விதிகளைத் தன் கையேட்டிலும் சேர்க்க வேண்டும்.

இவற்றைப் பயிற்சி வகுப்பில் அலுவலர்களுக்கும், பணிக்கு வரும் காவலர்களுக்கும் தனியாகச் சொல்லுங்கள். 100 மீட்டர் கோட்டில் தட்டி வையுங்கள். வீடு வீடாகக் கொடுக்கும் வாக்காளர் தகவல் சீட்டில் இரண்டு வரி அச்சிடுங்கள். சாவடிக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ளும்படி யாரையும் விடாதீர்கள்.

கட்சிகளிடமும் ஒன்று கேட்கிறோம். ஆணையத்தின் உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் முகவர்களுக்கு நீங்களே சொல்லலாம். பிரசாரத்தில், மாநாட்டில், ஊர்வலத்தில் உங்கள் கரை எத்தனை அகலமாகவும் இருக்கட்டும். அந்த ஒரு நாள், அந்தப் பள்ளிக்கூட வகுப்பறைக்குள், உங்கள் ஆட்கள் வெள்ளை வேட்டியில் உட்காரட்டும். பூத் கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகாது.

இதில் கையொப்பமிட விரும்பும் வாக்காளர்கள் பெயரையும் சாவடி எண்ணையும் எழுதுங்கள். உடைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் எவராவது உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் முதலில் இந்தத் தாளைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அவர் கையெழுத்து மேலே வரட்டும்.